வாரம் பன்னிரண்டு மணி நேரம்: கார்கிவ் பாட்டிக்கு வந்த ‘ஹெசெட்’ அக்காவின் சம்பளத்தை யார் கொடுத்தார்கள்?

கேள்வி கேட்டவர்: கோவில்பட்டி மருத்துவன்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 2013 முதல் 2019 வரை உக்ரைனில், கார்கிவ் நகரத்தில் மருத்துவம் படித்தவன். முதல் இரண்டு வருஷம் ஹாஸ்டல். மூன்றாம் வருஷத்திலிருந்து பாவ்லோவோ போலே பகுதியில், ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில், தனியாக வாழ்ந்த ஒரு பாட்டியின் வீட்டில் அறை எடுத்துத் தங்கினேன். வீடு நான்காவது மாடியில். குருஷேவ் காலத்துக் கட்டடம், லிஃப்ட் கிடையாது. பாட்டி 1936-இல் பிறந்தவர், யூதர். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. இடுப்பு எலும்பு முறிந்த பிறகு அவர் தெருவில் கால் வைக்கவே இல்லை. ஓய்வூதியம் ஆயிரத்துச் சொச்சம் கிரிவ்னா. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் பில் வந்தால் அதில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். எனக்கு அறையை வாடகைக்கு விட்டதும் அதனால்தான்.

திங்கள், புதன், வெள்ளி காலை 9 மணிக்கு ஒரு பெண் வருவார். ஐம்பது வயது இருக்கும். அவரிடமே ஒரு சாவி இருந்தது. பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு நேராக ரேடியேட்டரிடம் போவார். இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்து, நன்றாகச் சூடு ஏறிய பிறகுதான் பாட்டியைத் தொடுவார். மைனஸ் பதினைந்தில் நடந்து வந்த கைகள். குளிப்பாட்டுவார், பீட்ரூட் சூப் வைப்பார், மாத்திரைப் பெட்டியில் வாரத்துக்கான மாத்திரைகளைப் பிரித்துப் போடுவார், பில்களைக் கட்டிவிட்டு வருவார். மதியம் 1 மணிக்குக் கிளம்பும்போது ஒரு நோட்டில் வந்த நேரம், போகும் நேரம் எழுதி, பாட்டியிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வார். வாரம் பன்னிரண்டு மணி நேரம். நான் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பையன். நோயாளியை எப்படித் தொட வேண்டும் என்பதை முதலில் அவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

பாட்டி இந்த வேலையை ‘பத்ரோனாஷ்’ என்பார். யார் அனுப்புகிறார்கள் என்று கேட்டால் ‘ஹெசெட்’ என்பார். ஹெசெட்டுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று கேட்டால் மட்டும் குரலைத் தாழ்த்தி ‘ஜாயிண்ட்’ என்பார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இருந்தும் ஒவ்வொரு முறையும் குரல் தாழும்.

பத்ரோனாஷ் மட்டும் இல்லை. முன்பெல்லாம் மாவு, எண்ணெய், பக்வீட் என்று பையில் சாமான் வருமாம். நான் போன காலத்தில் அதற்குப் பதிலாக ஒரு அட்டை. சூப்பர் மார்க்கெட்டில் எல்லோரையும் போலத் தேய்த்துச் சாமான் வாங்கிக்கொள்ளலாம். வசந்த காலத்தில் யூதர்களின் பாஸ்கா பண்டிகைக்கு மாட்சா வரும். புளிக்காத மாவில் சுட்ட, அப்பளம் மாதிரி மொறுமொறுவென்ற ரொட்டி. அம்மா கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாயை நான் அதன்மேல் தடவித் தின்பேன். பாட்டியும் ஒருமுறை கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, கண்ணில் நீர் வர வர, இன்னும் கொஞ்சம் என்று கையை நீட்டினார்.

பாட்டி 2021-இல் தூக்கத்திலேயே இறந்துவிட்டார். போரைப் பார்க்கவில்லை. அந்த அக்கா இன்னும் கார்கிவில்தான் இருக்கிறார், அதே வேலையில்தான் இருக்கிறார். போன வாரம் வைபரில் செய்தி அனுப்பியிருந்தார். இப்போது ஐந்து வீடுகளுக்குப் போகிறாராம். ஒன்று ஒன்பது மாடிக் கட்டடத்தில் எட்டாவது மாடி. கரண்ட் போனால் லிஃப்ட் நின்றுவிடும், குழாயில் தண்ணீர் ஏறாது. இரண்டு கேன் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு படி ஏறுகிறார். அவருக்கும் இப்போது அறுபது.

என் கேள்வி இதுதான். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு உண்மையில் யார் பணம் கொடுத்தார்கள்? இப்போது நான் சம்பாதிக்கிறேன். அந்த மணிநேரங்களில் கொஞ்சத்துக்காவது நான் கொடுக்க வேண்டும். எங்கே, எப்படிக் கொடுப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: மட்டக்களப்பு அக்கா

தம்பி, உங்கட எழுத்தை வாசித்துவிட்டு இரவு நித்திரை வரவில்லை. நானும் அந்த வேலைதான் செய்கிறேன். பதினொரு வருஷமாக இஸ்ரேலில், ஹைஃபாவில். நான் பார்க்கிற அம்மா ஒடெசாவில் பிறந்தவர், 1990களில் இங்கே வந்தவர். அவருடைய தங்கை இன்னும் ஒடெசாவில்தான். இரண்டு பேரும் ஒவ்வொரு நாளும் பின்னேரம் போனில் கதைப்பார்கள். ரஷ்ய மொழி எனக்கு இப்போது அரைவாசிக்கு மேல் விளங்கும். அதனால் ஹெசெட் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன்.

நீங்கள் கேட்ட காசு ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்புவது, நோட்டில் எழுதுவது எல்லாம் ஹெசெட். அது அந்தந்த ஊரிலேயே இருக்கிற அமைப்பு. அதைத் தொடங்கி, தாங்கி நிற்பது அமெரிக்காவிலிருக்கிற ஜாயிண்ட். ஆனால் நாஜிகளால் பாதிக்கப்பட்டவர் என்று பதிவில் இருக்கிறவர்களின் பராமரிப்பு மணித்தியாலங்களுக்குப் பெரும்பங்கு கிளெய்ம்ஸ் கான்ஃபரன்ஸ் மூலம் வரும். அது 1951-இல் தொடங்கிய அமைப்பு. ஜெர்மன் அரசாங்கத்தோடு வருஷா வருஷம் இருந்து பேசி வாங்குகிற காசு. முகாமில் இருந்தவர்கள் மட்டும் என்றில்லை, ஜெர்மன் படை வருமுன் ஊரை விட்டு ஓடியவர்களும் அந்தக் கணக்கில் வருவார்கள். உங்கட பாட்டிக்கு 1941-இல் ஐந்து வயது. கார்கிவை விட்டு வெளியேறியவரா என்று தெரியுமா?

இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கட அம்மா 1935-இல் பிறந்தவர். தங்கை 1947-இல் பிறந்தவர், சண்டை முடிந்து குடும்பம் ஊர் திரும்பிய பிறகு. அதே தாய், அதே பசி, அதே வீடு. ஆனால் தங்கை பிறந்தபோது சண்டை இல்லை, அதனால் அவர் அந்தப் பதிவில் இல்லை. அவருக்கு வருவது நன்கொடைக் காசு மட்டும்தான். அதில் கிடைக்கிற மணித்தியாலங்கள் குறைவு. போன மாரியில் கை நடுக்கம் கூடிவிட்டது, இன்னும் ஒரு நாள் ஆள் வந்தால் நல்லது என்று அவர் சொன்னபோது, எங்கட அம்மா போனை வைத்துவிட்டு நீண்ட நேரம் ஒன்றும் கதைக்காமல் இருந்தார்.

நீங்கள் கொடுப்பதென்றால் அந்தப் பக்கத்துக்குக் கொடுங்கள் தம்பி. ஜெர்மன் காசு சேராத பக்கத்துக்கு.

பதில்: பழைய புத்தகப் பிரியன்

பாட்டி குரலைத் தாழ்த்தியதற்குக் காரணம் சொல்கிறேன்.

ஜாயிண்ட் என்பதன் முழுப்பெயர் அமெரிக்கன் ஜூயிஷ் ஜாயிண்ட் டிஸ்ட்ரிபியூஷன் கமிட்டி. 1914 ஆகஸ்ட் கடைசியில், உஸ்மானியப் பேரரசில் அமெரிக்கத் தூதராக இருந்த ஹென்றி மார்கென்தாவ், நியூயார்க் வங்கியாளர் ஜேக்கப் ஷிஃபுக்குத் தந்தி அடித்தார். உலகப்போரால் பாலஸ்தீன யூதர்கள் பட்டினியின் விளிம்பில் இருக்கிறார்கள், உடனே 50,000 டாலர் வேண்டும் என்று. பணம் திரண்டது. பழமைவாதிகள் ஒரு குழு, ஜெர்மன் வம்சாவளிப் பணக்காரர்கள் ஒரு குழு, கொஞ்ச நாளில் தொழிலாளர்கள் ஒரு குழு என்று தனித்தனியாகத் திரட்டினார்கள். ஒருவருக்கொருவர் அவ்வளவாக ஒத்துப்போகாதவர்கள். ஆனால் பங்கிடுவதை மட்டும் சேர்ந்து செய்வோம் என்று முடிவெடுத்தார்கள். ஜாயிண்ட் என்ற சொல் வந்தது அங்கிருந்துதான். முதல் தலைவர் ஃபீலிக்ஸ் வார்பர்க்.

சோவியத் மண்ணில் இவர்களுக்கு நீண்ட கதை உண்டு. 1921-22 பஞ்சத்தில் அமெரிக்க நிவாரண நிர்வாகத்தோடு சேர்ந்து உணவளித்தார்கள். 1924-இல் அக்ரோ-ஜாயிண்ட் என்ற கிளையைத் தொடங்கி, ஜோசப் ரோசன் என்ற வேளாண் வல்லுநர் தலைமையில், பிழைப்பு இழந்த யூதர்களை உக்ரைனிலும் கிரிமியாவிலும் நிலத்தில் குடியேற்றினார்கள். விதை, டிராக்டர், கடன் எல்லாம் கொடுத்தார்கள். 1938-இல் ஸ்டாலின் அரசு அதை மூடியது. அதில் வேலை பார்த்த உள்ளூர் ஆட்கள் பலர் கைதானார்கள், பலர் சுடப்பட்டார்கள்.

அப்புறம் 1953 ஜனவரி 13. கிரெம்ளின் தலைவர்களைக் கொல்லச் சதி செய்ததாக மருத்துவர்கள் சிலர்மீது பிராவ்தா பத்திரிகை குற்றம் சாட்டியது. அதில் பெரும்பாலோர் யூதர்கள். அவர்களை ஏவிய உளவு அமைப்பு என்று அச்சான பெயர் ஜாயிண்ட். மார்ச் 5-இல் ஸ்டாலின் இறந்தார், ஏப்ரலில் வழக்கே பொய் என்று அரசு ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த மூன்று மாதம் யூதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் பாட்டிக்கு அப்போது 16, 17 வயது. அந்தப் பெயர் வாயில் வருவதே ஆபத்து என்று பழகிய வயது.

1980களின் கடைசியில், கோர்பச்சேவ் காலத்தில்தான் ஜாயிண்ட் திரும்பி வர முடிந்தது. வந்து பார்த்தால் சேமிப்பு கரைந்து, பிள்ளைகள் வெளிநாடு போய், தனித்து நிற்கும் முதியவர்கள். முதல் ஹெசெட் 1993-இல் பீட்டர்ஸ்பர்க்கில் தொடங்கியது. ஹெசெட் என்றால் எபிரேயத்தில் அன்போடு செய்யும் உதவி. போருக்கு முன் உக்ரைனில் மட்டும் ஏறத்தாழ 40,000 முதியவர்களை இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த அட்டையைப் பற்றி ஒன்று. யூதர்கள் தானத்தைச் செதாக்கா என்பார்கள். அதன் வேர்ச்சொல்லுக்கு நீதி என்று பொருள். நம் ‘தர்மம்’ என்ற சொல்லிலும் அறமும் ஈகையும் ஒன்றாகத்தானே இருக்கின்றன. 12-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் தானத்தை எட்டுப் படிகளாக வகுத்தார். ஒருவனைச் சொந்தக் காலில் நிற்க வைப்பது மேல்படி. அதற்கு அடுத்த படி, கொடுப்பவருக்கு வாங்குபவரைத் தெரியாமல், வாங்குபவருக்குக் கொடுப்பவரைத் தெரியாமல் கொடுப்பது. பையோடு படி ஏறினால் கட்டடத்துக்கே தெரியும். அட்டையைத் தேய்த்தால் பில் போடும் பெண்ணுக்குக்கூடத் தெரியாது. பைக்குப் பதில் அட்டை வந்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

பதில்: சேலம் செல்வி

படிக்க நெகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனாலும் ஒன்று கேட்க வேண்டும். அதே கட்டடத்தில் அதே மாதிரி தனியாக, அதே ஓய்வூதியத்தில், யூதர் அல்லாத ஒரு முதியவர் இருந்திருப்பார் இல்லையா? அவர் கதவை யார் தட்டினார்கள்? மதம் பார்த்து, இனம் பார்த்துச் செய்யும் உதவியை நாம் இங்கே கேள்வி கேட்போம். டாக்டர் என்ன நினைக்கிறீர்கள்?

பதில்: கோவில்பட்டி மருத்துவன்

மூன்று பேருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மட்டக்களப்பு அக்கா, ஆமாம், வெளியேறியவர்தான். 1941-இல் அம்மாவோடும் அண்ணனோடும் சரக்கு ரயிலில் தாஷ்கண்ட் போனார்கள். அவருடைய பாட்டி மட்டும் வரவில்லை. 1918-இல் ஜெர்மானியர் வந்தபோது ஒழுங்காகத்தானே நடந்துகொண்டார்கள், நான் எதற்கு இந்த வயதில் அலைய வேண்டும் என்று தங்கிவிட்டாராம். அந்த டிசம்பரில் ஊரில் மிஞ்சிய யூதர்களை டிராக்டர் ஆலைப் பக்கத்துக் கொட்டகைகளுக்கு நடத்திப் போனார்கள். அங்கிருந்து ‘திரோபிட்ஸ்கி யார்’ என்ற பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். நான் ஒரு முறை அங்கே போய், எங்கள் பாட்டியின் சார்பில், அவர்கள் வழக்கப்படி ஒரு கல் வைத்துவிட்டு வந்தேன். அவரால்தான் படி இறங்க முடியாதே.

நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கு இன்னொன்று பிடிபட்டது. பாட்டி வீட்டில் எல்லாமே பழசு, ஜன்னல்கள் மட்டும் புதுசு, இரட்டைக் கண்ணாடி. நான் வருவதற்கு முன்பு ஜெர்மனியிலிருந்து ஒரு தடவைப் பணம் வந்தது, அதில் போட்டது என்றார். 2,556 யூரோ என்று அந்த எண்ணைக் கடைசி இலக்கம் வரை சொல்வார். சோவியத் பகுதியில் தங்கிவிட்டவர்களுக்கும் அதைக் கொடுக்க ஜெர்மனி ஒத்துக்கொண்டது 2012-இல்தான் என்று இப்போது தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். 70 வருஷம் கழித்து. அந்த ஜன்னல் ஓரத்தில்தான் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்.

புத்தகப் பிரியன் ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அந்த ஹெசெட் அக்காவிடம் கேட்டேன். பாட்டியே அவரிடம் சொல்லியிருக்கிறார். தொண்ணூறுகளில் முதன்முதலில் ஹெசெட் ஆள் கதவைத் தட்டி, ‘ஜாயிண்டிலிருந்து உதவி’ என்றபோது பாட்டி கதவைத் திறக்கவில்லையாம். மூச்சுக்கூட விடாமல் உள்ளே நின்றாராம். வந்தவர் வாசலிலேயே ஒரு பையை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அது இரண்டு நாள் அங்கேயே கிடந்தது. மூன்றாம் நாள்தான் எடுத்தாராம்.

செல்வி அக்கா, நீங்கள் கேட்டது என்னையும் உறுத்திய கேள்விதான். மேல்மாடியில் ஒரு தாத்தா, டிராக்டர் ஆலையில் ஆயுள் முழுக்க உழைத்தவர். அவர் கதவை யாரும் தட்டவில்லை. பாட்டி என்னிடம் பாதி எண்ணெயை, பாதிச் சர்க்கரையைக் கொடுத்து மேலே அனுப்புவார். ஹெசெட் அக்காவும் சூப்பில் ஒரு பாத்திரம் கூடுதலாகத்தான் வைப்பார். அது வேலைப் பட்டியலில் இல்லாதது.

நான் யோசித்துப் பார்த்தவரை இப்படித்தான் தோன்றுகிறது. 1941-இல் அந்த மக்களை யூதர் என்பதற்காகவே தேடிக் கொன்றார்கள். அதன் பிறகு எழுபது வருஷம் கழித்து, அதே காரணத்துக்காகவே ஒருவர் தேடி வந்து சூப் வைத்துக் கொடுக்கிறார். அதில் எனக்குக் குறை சொல்ல மனம் வரவில்லை. அந்தத் தாத்தாவைப் பார்த்திருக்க வேண்டியது அரசு. யூத அமைப்பு வந்ததால் அவருக்கு எதுவும் குறையவில்லை, பாதி எண்ணெய் கூடத்தான் கிடைத்தது. ஆனால் அந்தத் தாத்தா தனியாகத்தான் இருந்தார், அதையும் நான் மறக்கவில்லை.

பதில்: மட்டக்களப்பு அக்கா

செல்வி, ஜாயிண்ட் யூதர்களுக்கு மட்டும் என்று முழுக்கச் சொல்ல ஏலாது. பேரழிவு நடக்கிற இடங்களில் யாரென்று பார்க்காமல் செய்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கட இலங்கையிலும் வேலை செய்தார்கள். எத்தியோப்பியாவில் ரிக் ஹோட்ஸ் என்று ஒரு டொக்டர், ஜாயிண்ட் சார்பில் எத்தனையோ வருஷம் வேலை செய்தவர். முதுகெலும்பு வளைந்த பிள்ளைகளைக் கானாவுக்கு அனுப்பி ஒபரேஷன் செய்வித்தவர். அந்தப் பிள்ளைகள் கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள். மறுபக்கம், உக்ரைன் யூத முதியவர்களுக்குக் காசு அனுப்புகிறவர்களிலும் நிறையப் பேர் அமெரிக்கக் கிறிஸ்தவர்கள், கிறிஸ்தவர்-யூதர் கூட்டமைப்பு ஒன்றின் மூலம் அனுப்புகிறார்கள். எங்கட அம்மாவின் தங்கைக்கு வருகிற அட்டையில் அந்தக் காசும் இருக்கிறது.

தம்பி, அந்தப் பை இரண்டு நாள் வாசலில் கிடந்ததை எங்கட அம்மாவுக்குச் சொன்னேன். உடனே ‘மருத்துவர் வேடம் போட்ட கொலைகாரர்கள்’ என்று 1953 பேப்பரில் இருந்த சொல்லைச் சொன்னார். பிறகு, ‘எடுத்தாள்தானே, அது போதும்’ என்றார்.

பதில்: ஓய்வுபெற்ற வங்கிக்காரர், கும்பகோணம்

டாக்டர் தம்பி, பணம் அனுப்பும் பகுதிக்கு மட்டும் நான் வருகிறேன். வெளிநாட்டுப் பணப்பிரிவில் பல வருஷம் இருந்தவன்.

இந்தியாவிலிருந்து வெளிநாட்டுத் தொண்டு அமைப்புக்குத் தனிநபர் நன்கொடை அனுப்ப ரிசர்வ் வங்கியின் தாராளப் பண அனுப்பீட்டுத் திட்டம் இடம் கொடுக்கிறது. எல்ஆர்எஸ் என்பார்கள். ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை, எல்லாவற்றையும் சேர்த்து. பான் எண்ணும் ஏ2 படிவமும் வேண்டும், நோக்கம் என்ற இடத்தில் நன்கொடை என்று போடுங்கள். 80ஜி என்று சொல்லிவந்த நன்கொடை வரிச்சலுகை கிடைக்காது, அது இங்கே பதிவான அமைப்புகளுக்குத்தான். எஃப்சிஆர்ஏ பற்றிக் கவலைப்படாதீர்கள், அது உள்ளே வரும் பணத்துக்கான சட்டம்.

அனுப்புமுன் அமைப்புக்கு ஒரு கடிதம் எழுதி, இது கார்கிவ் வீட்டுப் பராமரிப்புக்கு, அதிலும் நாஜி பாதிப்புப் பதிவில் இல்லாத முதியவருக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள். அந்த ஹெசெட் பணியாளர் அம்மாவுக்குத் தனியாக ஏதாவது கொடுக்க நினைத்தால் அதுவும் இதே திட்டத்தில் அன்பளிப்பாகப் போகும். இரண்டையும் கலக்காதீர்கள்.

பதில்: கோவில்பட்டி மருத்துவன்

ஐயா, மிக்க நன்றி. இன்று காலை கிளினிக் திறப்பதற்கு முன் வங்கிக்குப் போய்ப் படிவத்தை வாங்கி வந்துவிட்டேன். கடிதமும் அனுப்பியாயிற்று. வாரம் நான்கு மணி நேரத்துக்கு ஆகும் தொகையை மாதா மாதம் தருவதாக எழுதியிருக்கிறேன். பதிவில் இல்லாத ஒருவருக்கு இன்னொரு காலை கிடைக்கட்டும்.

ஹெசெட் அக்காவிடம் தனியாகக் கேட்டேன், உங்களுக்கு என்ன வேண்டும் என்று. எதுவும் வேண்டாம் என்று இரண்டு நாள் சொன்னார். மூன்றாம் நாள் செய்தி வந்தது. நெற்றியில் கட்டும் விளக்கு வேண்டுமாம். கரண்ட் இல்லாத மாடிப்படியில் இரண்டு கையிலும் தண்ணீர் கேன் இருக்கிறது, டார்ச் பிடிக்க மூன்றாவது கை இல்லை என்று எழுதியிருந்தார். போலந்தில் இருக்கும் என் பேட்ச் நண்பனிடம் சொல்லி நோவா போஷ்தா என்ற உக்ரைன் கூரியரில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஒன்று போதும் என்றுதான் முதலில் எழுதினார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு செய்தி. ‘ஆறாக அனுப்ப முடியுமா? ஐந்து பாட்டிகளுக்கும் சேர்த்து.’